கெட்ட பூட்டுச் சோதனை

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். நீ கரை சேர்ந்த செய்தி கிடைத்தது. அந்த ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி என்கிறார்கள்; உன் நெஞ்சுச் சளியை நினைவில் வை. அத்தானும் நலமே. வழக்கம்போல் வாயைத் திறப்பதில்லை. பூட்டு செய்பவர்களில் அவர் ஒருவர்தான் தொழிலுக்கு ஏற்ற வாய் படைத்தவர்.

தொலைபேசியில் பேசினால் என்ன என்று கேட்டிருந்தாய். வேண்டாம். பேசியதற்குச் சான்று இல்லை; எழுதியதை எடுத்து மேசைமேல் போடலாம். நாளைக்கு, "நான் அப்படிச் சொல்லலையே" என்று எவரும் நழுவ முடியாது. எவரும் என்றால் நீயும்தான்.

போன காரியத்தை மறவாதே! உள்ளூர்ச் சந்தையை மலிவுப் பூட்டுகள் விழுங்கிவிட்டன. சூன் இறுதிக்குள் அந்த நாட்டில் நம் கிளை எழவில்லையென்றால் மாலைமுறை வேலையை நிறுத்தியாக வேண்டும். அந்த ஆட்கள் வீட்டுக்குப் போக வேண்டும். கிளை எழுப்புவதென்றாலோ, அப்பா கட்டிய பட்டறையை வங்கியில் அடகு வைத்தாக வேண்டும். எனவே அந்த நாட்டைத் தட்டிப் பார், தடவிப் பார், முகர்ந்து பார். தொழில் உரிமம் கேட்டால் எத்தனை மேசைகளில் ஏறி இறங்குகிறது? துறைமுகத்தில் சரக்கு எவ்வளவு காலம் உறங்குகிறது? மின்சாரம் வருகிறதா, வருவதாகச் சொல்கிறார்களா? வழக்கு மன்றத்தில் அயல்நாட்டான் ஒருவன் நின்றால் அவன் சொல் ஏறுமா? ஈட்டியதைத் தாய்நாட்டுக்கு அனுப்ப விடுவார்களா? எழுது. புகழாதே, எழுது.

நம்மோடு பங்காளியாகச் சேர விரும்பும் அந்த மொத்த வணிகரிடம் விழிப்பாக இரு. இங்கே வந்திருந்தபோது நான் விலையைக் கூட்டினேன், சிரித்தார். குறைத்தேன், அதற்கும் சிரித்தார். இரண்டுக்கும் ஒரே சிரிப்புச் சிரிப்பவரின் உள்ளே என்ன ஓடுகிறது என்று எவருக்குத் தெரியும்? நம் வீட்டில் அவருக்குச் சிரிப்புக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பாவின் வழக்கப்படி கெட்ட பூட்டுச் சோதனையைச் செய். கடையில் ஒரு பூட்டு வாங்கு. அறைக்குப் போய் அதைக் கெடு. மறுநாள் அதே கடைக்குப் போய், "இது வேலை செய்யலை" என்று நில். விற்கும்போது எல்லா ஊரும் நல்ல ஊர்தான். குறையோடு வந்து நிற்பவனிடம் கடைக்காரர் என்ன சொல்கிறார் என்பதை வைத்தே அப்பா ஓர் ஊரில் கடை போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுது.

நலமாக இரு. எவரையும் நம்பாதிரு.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம், சளி இன்னும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தானுக்கு என் அன்பு.

புகழாதே என்று ஆணையிட்டிருக்கிறீர்கள். எனவே முதலில் குறைகள். துறைமுகத்தில் சுங்க அதிகாரி ஒருவர் நம் மாதிரிப் பூட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். பெட்டிக்கும் நம் பூட்டே போட்டிருந்தது. சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று எனக்கே நினைவில்லை. "பூட்டு விக்க வந்தவரே திறக்க முடியலைன்னா சரக்கு நல்ல சரக்குதான்" என்று சொல்லி முத்திரை குத்தி அனுப்பிவிட்டார். இங்கே கடைத்தெருவிலும் அலுவலகங்களிலும் பாதிப்பேர் நம் மொழி பேசுகிறவர்கள். அதனால் எனக்கு இடையாள் தேவைப்படவில்லை.

உரிமம் நான்கு மேசைகள் கடக்கிறது. மூன்றாவது மேசையில் இருந்த அம்மையார் மேசைக்கு அடியில் நான் ஏதாவது நீட்டுவேனோ என்று என் கையையே பார்த்தார். நீட்டினால் வாங்கவா, நீட்டினால் பிடித்துக் கொடுக்கவா என்று எனக்கு விளங்கவில்லை. கையை மேசைமேல் வைத்துக்கொண்டேன். மறுவாரம் தாள் கைக்கு வந்தது. மின்சாரம் பகலில் ஒரு முறை போகிறது. போகும் நேரத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், அந்த நேரத்துக்கே போகிறது. வழக்கு மன்றத்துக்கு அடுத்த வாரம் போவேன்.

சோதனையும் செய்தேன். கடைக்காரர் பூட்டை வாங்கிப் பார்த்தார். "அடடா, மன்னிச்சுக்கோங்க, வேற எடுத்துக்கோங்க" என்றார். ஒரு கேள்வி இல்லை! அக்கா, இந்த ஊரில் தொழில் செய்யலாம் என்று என் உள்ளம் அப்போதே சொல்லிவிட்டது.

சிரிப்புக்காரர் நல்லவிதமாகவே நடந்துகொள்கிறார். அவர் மனைவி பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாராம். அவரே சமைத்துப் போடுகிறார். சமையல் மட்டும் சிரிக்கும்படி இல்லை.

உங்கள் தம்பி


மார்ச் 8

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் அவ்வாறே என நம்புகிறேன். முழங்கால் வலிக்கிறது, அதைக் கேட்டு மற்றதை மறக்கடிக்கப் பார்க்காதே.

ஒரு கேள்வி இல்லை என்று துள்ளிக் குதிக்கிறாய். எனக்கோ அதுதான் முள்ளாகத் தைக்கிறது! கேட்காமல் பூட்டை மாற்றிக் கொடுக்கும் கடைக்காரர் ஒன்று, கணக்குத் தெரியாதவர்; அல்லது நீ யார் என்று முன்பே அறிந்தவர். அறிவித்தது யார்? உனக்குச் சமைத்துப் போடுகிறவர்தான், வேறு யார்? நீ எந்தக் கடைக்குப் போகப் போகிறாய் என்பதை அவரிடம் உளறினாயா இல்லையா? அவருக்குத் தெரியாமல் பேருந்து ஏறி வேறோர் ஊருக்குப் போ. அவர் நிழல் விழாத கடையில் சோதனையைச் செய்.

விழிப்பு என்றால் என்ன என்று உனக்குப் புரிய, இங்கே சென்ற மாத இறுதியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருத்தி தலைவிரி கோலமாகப் பட்டறை வாயிலுக்கு வந்தாள். கையில் நம் சாவி ஒன்றின் பாதி. "சாவி உடைஞ்சு பூட்டுக்குள்ள மாட்டிக்கிச்சு, ஆள் அனுப்பி வீட்டைத் திறந்து விடுங்க" என்றாள். வீடு அவளுடையது என்பதற்குச் சான்று கேட்டேன். இல்லை. இப்படித்தான் முன்பு நம் ஆள் ஒருவர் இரக்கப்பட்டுப் போய் ஒரு வீட்டைத் திறந்துவிட, அது திருட வந்தவனுக்குத் திறந்த கதவாகி, காவல் நிலையத்தில் நான் நின்றதை நீ மறந்திருக்கமாட்டாய். அன்று நான் போட்ட விதி இன்றும் சுவரில் தொங்குகிறது: சான்று இல்லாமல் எவர் கதவையும் திறக்கக் கூடாது.

நான் அசையவில்லை என்றதும் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "உங்க தம்பிய எனக்குத் தெரியும். இப்ப எந்த நாட்டுல இருக்கார்னும் தெரியும்" என்றாள்! பார்த்தாயா திறமையை! நம் வீட்டுச் செய்தி வரைக்கும் துப்பறிந்துகொண்டு வந்திருக்கிறாள். அந்த ஒரு சொல்லில்தான் அகப்பட்டாள். வாயிற்காவலர் அறையில் உட்காரவைத்து, காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பினேன்.

நீயாக இருந்தால் ஆளையும் அனுப்பி, வண்டிக் கூலியும் கொடுத்திருப்பாய்.

நலமாக இரு. எவரையும் நம்பாதிரு.

உன் அக்கா


ஏப்ரல் 2

தம்பி,

நலமா? நான் எழுதியதற்கு மறுமொழி இல்லை. வழக்கு மன்றம் என்னவாயிற்று? வேறு ஊருக்குப் போனாயா? வங்கியில் கேட்கிறார்கள். மாலைமுறை ஆட்களும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். உடம்புக்கு ஏதேனும் என்றால் அதையாவது எழுது.

உன் அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உடம்பு நலம். தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு மன்றத்தில் இரண்டு நாள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அயல்நாட்டு வணிகர் ஒருவருக்கும் உள்ளூர் வணிகர் ஒருவருக்கும் இடையே ஒரு கிடங்கு வழக்கு. அயல்நாட்டார் தோற்றார். ஆனால் நானே நடுவராக இருந்தாலும் அவரைத் தோற்கடித்துத்தான் இருப்பேன்; ஒப்பந்தத்தை அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தார். இலாபத்தை வரி கட்டியபின் அனுப்பத் தடையில்லை. அதற்குரிய ஆணையின் படியை இத்துடன் வைத்துள்ளேன்.

நீங்கள் சொன்னபடியே பேருந்து ஏறி, எவரிடமும் சொல்லாமல், மலைப்பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போனேன். கடையில் கண்ணாடி போட்ட பெரியம்மா ஒருவர் இருந்தார். பூட்டு வாங்கினேன், விடுதியில் வைத்துத் துளைக்குள் ஆணியை விட்டுத் திருகிக் கெடுத்தேன், மறுநாள் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பூட்டை வாங்கவில்லை. முதலில் என்னை உட்காரச் சொன்னார்.

"வீடு பூட்டிக் கிடக்கா? உள்ள யாராவது இருக்காங்களா?"

"இல்லைங்க, யாரும் இல்லை."

"அப்ப சரி. நிதானமா பார்க்கலாம்." பூட்டைப் பிரித்தார். உள்ளே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இது தானா கெடலை. ஆணிய விட்டுத் திருகியிருக்கு. நீங்களா, வீட்டுல குழந்தைங்களா?"

"நான்தான்" என்றேன். வேறென்ன சொல்ல?

"வயசுக்கேத்த வேலையா இது?" என்று கேட்டுவிட்டு, பூட்டைச் சரிசெய்து கையில் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. "அடுத்த முறை கோபம் வந்தா சுவத்துல முட்டிக்கோங்க, செலவு மிச்சம்" என்றார்.

அப்பா இருந்திருந்தால் அந்தக் கடைக்கு எதிரிலேயே கடை போட்டிருப்பார்.

அக்கா, ஒன்று கேட்கிறேன். பாதிச் சாவியோடு வந்த அந்த அம்மையார் என்ன ஆனார்? எப்போது அனுப்பினீர்கள்? வேறு ஏதாவது சொன்னாரா? மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் தம்பி


மே 1

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலமே. அங்கே நலம்தானா என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது.

ஐயத்தை வரிசையாகச் சொல்கிறேன். உன் உறைமேல் இருந்த விடுதி முகவரி மாறியிருக்கிறது. முதல் மடலில் சிரிப்புக்காரரின் சமையல் வரைக்கும் பாடினாய். இந்த மடலில் அவர் பெயரே இல்லை. பழகியவரைப் பற்றி ஒருவன் பேச்சை நிறுத்தினால் ஒன்று சண்டை, இல்லை, கூட்டு. எது? அவர் உனக்கென்று தனியாக ஏதேனும் தருவதாகச் சொன்னாரா? என் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு உனக்கு உண்டு என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன்.

நாடு முழுவதும் ஆராயப் போனவன், என் பட்டறை வாயிலில் அழுத ஒருத்தியை ஏன் ஆராய்கிறாய்? கேட்டுவிட்டாய், சொல்கிறேன். காவல் நிலையத்திலிருந்து ஆள் வர உச்சி கடந்துவிட்டது. அதுவரை அவள் ஒரே பாட்டு: "அம்மா உள்ள இருக்காங்க, அவங்களால எழுந்திருக்க முடியாது." அம்மா உள்ளே, பிள்ளை உள்ளே, அடுப்பு எரிகிறது! கதவு திறக்கச் சொல்லி வரும் எத்தர்கள் எல்லாருக்கும் உள்ளே ஒருவர் இருந்துதான் தீர்வார். அவள் தண்ணீர் கேட்கிறாள் என்று வாயிற்காவலர் வந்து நின்றார். "முதல்ல போலீஸ் வரட்டும்" என்றேன். வந்தவர்கள் பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு, குற்றம் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஓடினாள். குற்றமில்லாதவள் ஏன் ஓட வேண்டும்? பாதிச் சாவியைப் போட்டுவிட்டுப் போனாள். அத்தான் எடுத்து வைத்திருக்கிறார்.

போதுமா? இப்போது என் கேள்விக்கு வா. நீ யார் வீட்டில் குடியிருக்கிறாய்?

எவரையும் நம்பாதிரு என்று எழுதி எழுதி, அந்தப் பட்டியலில் உன்னையும் சேர்க்க வைத்துவிடாதே.

உன் அக்கா


மே 6

மாப்பிள்ளைக்கு,

அத்தான் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். நான் எழுதினேன் என்பது உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம். அஞ்சலகத்துக்கு நானே நடந்து வந்திருக்கிறேன். கேட்டால் முடி வெட்டப் போனேன் என்று சொல்ல வேண்டும், அதற்காக முடியும் வெட்டிக்கொண்டேன்.

அவள் உன் மடல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறாள். "இவன் வாங்கப்பட்டுட்டான்" என்கிறாள். நான், "இருக்காதும்மா" என்றேன். "உங்களுக்கென்ன தெரியும்?" என்றாள். அதோடு என் வாதம் முடிந்தது.

எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பாதிச் சாவியை நான் பார்த்தேன். உடைந்த இடம் சோளத்தட்டை உடைந்ததுபோல் இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் கிளைச் செலவுக்கு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று உன் அக்கா உலோகத்தை வேறிடத்தில் மலிவாக வாங்கச் சொன்னாள் அல்லவா, அந்த உலோகம். அதே சரக்கில் வேறு சில சாவிகளை எடுத்து இரும்புப் பிடியில் இறுக்கித் திருகினேன். பாதிக்குப் பாதி முறிகின்றன. அவை கடைகளுக்குப் போய்விட்டன. அவளிடம் சொல்ல இரண்டு முறை வாய் திறந்தேன். ஒரு முறை வங்கியிலிருந்து ஆள் வந்தார். மறுமுறை அவளே, "என்ன?" என்றாள். நான், "ஒண்ணுமில்லை" என்றேன்.

நீ எதையோ விழுங்கிக்கொண்டு எழுதுகிறாய். நானும் அப்படியே. நம் இருவரில் ஒருவராவது துப்பிவிட வேண்டும். நீ இளையவன், நீ துப்பு.

உன் அத்தான்


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இந்த மடலை உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எவர் வீட்டிலும் குடியிருக்கவில்லை. சிரிப்புக்காரர் வீட்டுத் தெருவிலேயே இருந்த விடுதியை விட்டு, ஊரின் மறுகோடிக்கு வந்துவிட்டேன். அந்தத் தெருவில் நடக்க எனக்கு முகமில்லை. காரணம் சொல்கிறேன்.

உங்கள் மார்ச் மாத மடல் வந்த அன்று அவர் வீட்டில் சாப்பிட அழைத்திருந்தார். அவர் மனைவி பிறந்த வீட்டிலிருந்து திரும்பியிருந்தார். மேசையில் மூவரும் இருந்தோம். "அக்கா என்ன எழுதியிருக்காங்க? படிங்க, கேப்போம்" என்றார் அவர். அவரைப் பற்றி எழுதியிருந்ததை விட்டுவிட்டு, வேடிக்கையான பகுதி என்று எண்ணி, பாதிச் சாவியோடு வந்த திருடியின் கதையைப் படித்தேன். உங்கள் குரலிலேயே படித்தேன், அக்கா. கையை உயர்த்தி, "பார்த்தாயா திறமையை!" என்று முழங்கினேன். "உங்க தம்பிய எனக்குத் தெரியும்" என்ற இடத்தில் நானே சிரித்துவிட்டேன்.

எவரும் சிரிக்கவில்லை. அவர் மனைவி தண்ணீர்ச் செம்பை மேசையில் வைத்தார்.

"அது நான்தான், தம்பி" என்றார்.

அவர் பிறந்த வீடு நம் ஊரில், நம் பட்டறைக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் இருக்கிறது. கணவர் நம்மோடு சேரப் போகிறார் என்று பெருமையாக, நம் கடையில் நம் பூட்டை வாங்கி அம்மா வீட்டுக்குப் போட்டிருக்கிறார். அம்மாவால் எழுந்து தாழ் போட முடியாதென்று வெளியே பூட்டிவிட்டு மருந்து வாங்கப் போனார். திரும்பி வந்து திருகியபோது சாவி முறிந்தது. தெருவார் சுத்தியல் கொண்டு அடித்துப் பார்த்தார்கள், பூட்டு அசையவில்லை. நம் பூட்டு அவ்வளவு உறுதி. நமக்குத் தெரிந்தவர்கள்தானே என்று பட்டறைக்கு ஓடி வந்தார். கணவர் பெயரைச் சொல்வதற்குள் நீங்கள் வாயிற்காவலரைக் கூப்பிட்டுவிட்டீர்களாம்.

அவர் நம் காவலர் அறையில் இருந்தபோது, தெருவார் கதவின் நிலையையே பெயர்த்து உள்ளே போனார்கள். அம்மா கட்டிலிலிருந்து இறங்கிக் கதவுவரை ஊர்ந்து வந்து விழுந்து கிடந்திருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை. இடுப்பில் அடி. தெருவார் பார்த்துக்கொள்ள, இப்போது சுவரைப் பிடித்து எழுந்து நடக்கத் தொடங்கியிருக்கிறாராம்.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் சிரிப்புக்காரர். அன்றைக்குத்தான் அவர் சிரிக்காத முகத்தைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா, தெரிஞ்சும் மறைக்கிறீங்களான்னு பார்த்துக்கிட்டிருந்தேன். உங்களுக்குத் தெரியலை. சரி."

ஒப்பந்தத்தை அவர் கிழிக்கவில்லை. "என் மனைவி சொன்னா கையெழுத்துப் போடுவேன்" என்கிறார். அவர் மனைவியோ, "எங்க அம்மா சொல்லட்டும்" என்கிறார். நானும் அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். பலமுறை தாளை எடுத்தேன். முதலில் நீங்கள் அவரை எப்படி அனுப்பினீர்கள் என்று அறிய விரும்பினேன். நல்லபடியாக அனுப்பியிருப்பீர்கள் என்று ஒரு நப்பாசை.

நாட்டைப் பற்றிய என் முடிவைக் கேட்டீர்கள். அக்கா, இங்கே தொழில் தொடங்கலாம். அயலவன் ஒருவன் ஆணியால் கெடுத்துக் கொண்டுபோன பூட்டுக்கு, "உள்ள யாராவது இருக்காங்களா?" என்று முதலில் கேட்ட ஊர் இது.

உங்கள் தம்பி


மே 29

தம்பி,

நலம்.

நான் நம்பமாட்டேன். இது நம்மை மடக்க வகுத்த சூழ்ச்சி. நாம் கெட்ட பூட்டுச் சோதனை செய்கிறோம் என்று நீ உளறியிருப்பாய். அதையே நம்மிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். மனைவியை அனுப்பி, சாவியை அரத்தால் அறுத்து, அம்மா என்று ஒருவரை உண்டாக்கி, இப்போது அதைக் காட்டிப் பங்கைக் கூட்டிக் கேட்பார்கள். பார்த்துக்கொண்டே இரு. நம் சாவி கையால் திருகி முறியுமா? அப்பாவின் பெயர் பொறித்த சாவி!

அந்தப் பாதியை இன்றே நான் பார்க்கிறேன்.

அக்கா


சூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நலமா?

பாருங்கள். பார்த்த பிறகு அத்தானை, "என்ன?" என்று கேளுங்கள். அவர், "ஒண்ணுமில்லை" என்பார். போய்விடாமல் அங்கேயே நில்லுங்கள்.

உங்கள் தம்பி


சூன் 27

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அத்தான் நலம். நெடுநாளைக்குப் பிறகு நிறையப் பேசினார். நான் நலமா என்று தெரியவில்லை, நடமாடுகிறேன்.

சாவியைப் பார்த்தேன். அரம் பட்ட தடம் இல்லை. அத்தான் பிடியில் வைத்து வேறொன்றைத் திருகினார், முறிந்தது. "நானும் திருகுகிறேன்" என்று வாங்கினேன், அதுவும் முறிந்தது. வழக்கு மன்றத்தில் ஏறி, துறைமுகத்தில் நின்று, மலையூர் வரைக்கும் போய் ஒரு நாட்டையே ஐயுற உன்னை அனுப்பினேனே, என் கொட்டகையில் வந்து இறங்கிய உலோகத்தை ஒரு முறை ஐயுற்றேனா? மலிவு என்றார்கள், மகிழ்ந்தேன்! வாயிலில் வந்து அழுதவளிடம் சான்று கேட்ட நான், அந்த வண்டியிடம் என்ன சான்று கேட்டேன்?

ஆண்டுத் தொடக்கத்திலிருந்து போன பூட்டுகள் அத்தனையையும் திருப்பி வாங்கச் சொல்லிக் கடைகளுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். விற்ற வீடுகளுக்கும் போகிறார்கள். புதிய சாவி செய்து கொடுக்கும் வேலை மாலைமுறை ஆட்களுடையது. ஆண்டு முடியும்வரை அவர்கள் கைக்கு ஓய்விராது. கிளைக்கென்று சேர்த்தது அதில் கரையும். வங்கிக்குப் போய், இப்போதைக்கு அடகு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சுவரில் தொங்கிய விதியை எடுக்கவில்லை. அதற்கு மேலே ஒரு வரி எழுதச் சொன்னேன்: முதலில் உட்கார வை. உள்ளே யார் என்று கேள். சான்றை ஆளோடு போய் அந்த வீட்டு வாயிலில் பார்.

பிறகு மூன்றாவது தெருவுக்குப் போனேன்.

நிலையைப் பெயர்த்த கதவு இன்னும் சரியாகப் பொருந்தவில்லை. பூட்டு இல்லை, உள்ளிருந்து கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். இடுக்கு வழியே கையை விட்டால் முடிச்சு எட்டும். விடவில்லை. தட்டினேன். வெகுநேரம் கழித்து, எதையோ பிடித்துப் பிடித்து நடந்து வரும் ஓசை கேட்டது.

"யாரு?"

"பூட்டுப் பட்டறையிலிருந்து வர்றேம்மா."

"எந்தப் பூட்டுப் பட்டறை?"

சொன்னேன்.

"அப்படின்னு எனக்கு எப்படித் தெரியும்? யாரு வேணா வந்து சொல்லலாமே."

என்னிடமே சான்று கேட்கிறார், தம்பி. என் வாயில் வந்தது இதுதான்: "உங்க மருமகனை எனக்குத் தெரியும்மா. இப்ப எந்த நாட்டுல இருக்கார்னும் தெரியும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது யார் சொன்ன சொல் என்று என் காதில் விழுந்தது.

"கையெழுத்துக்கு வந்தியா?" என்றார்.

"இல்லம்மா. அதைக் கேக்க வரலை."

"பின்ன எதுக்கு?"

"பூட்டு கெட்டது எங்க தப்பு. அதைச் சொல்லத்தான்."

"சரி, சொல்லிட்டல்ல."

கதவு திறக்கவில்லை. நானும் போகவில்லை. வெயில் ஏறி முகத்துக்கு வந்தது. முழங்கால் கடுத்தது, வாயிற்படியில் உட்கார்ந்துவிட்டேன். தெருவில் போனவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இந்த வீட்டுக்கு வந்த ஏமாற்றுக்காரி என்றுகூட எண்ணியிருக்கலாம்.

உச்சி வேளைக்கு உள்ளே மறுபடியும் அந்த நடை கேட்டது. இடுக்கு வழியே ஒரு கை நீண்டது. அதில் ஒரு குவளை.

"போறதுன்னா போ, இருக்கறதுன்னா இரு. முதல்ல தண்ணியக் குடி" என்றார்.

குடித்தேன். குவளையைத் திருப்பிக் கொடுத்தேன். கயிறு அவிழவில்லை. நாளையும் போவேன்.

நீ புறப்பட்டு வா. வரும் வழியில் மலையூரில் அந்தக் கண்ணாடிப் பெரியம்மாவின் கடைக்குப் போய், ஆணியால் கெடுத்தது எதற்காக என்பதை அவரிடம் சொல்லிவிட்டு வா.

நலமாக இரு.

உன் அக்கா